சிறு வணிகமும் சமூக ஊடகமும்: நம்மவரிடை நிலவும் மயக்கங்கள்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் கற்பிக்கும் ஒருவனுக்கு வாணிகத்தைப்பற்றிப் பேச என்ன உரிமை உண்டென்று சிலர் வினவலாம். தறியோசையையே தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவன் யான் என்பது ஓர் உரிமை. மற்றொன்று, சொல்லை ஆராய்தலே எனது தொழில் என்பது. விளம்பரம் சொல்லால் நடப்பது. எச்சொல்லை மக்கள் நம்புவர், எச்சொல்லை நம்பார் என்பதைப்பற்றிச் சிறிது கூறத் தமிழாசிரியனுக்கும் இடமுண்டு என்று கருதியே தலைவர் அவர்கள் இப்பொருளை எனக்குத் தந்தார்கள் போலும்.

இன்று நம் இல்லங்களில் கைப்பேசி இல்லாத இல்லம் அரிது. வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் என்னும் பெயர்களை நம் பாட்டிமாரும் அறிவர். இவற்றைச் சமூக ஊடகம் என்கின்றனர். இவற்றின் வாயிலாகச் சேலையும், ஊறுகாயும், பலகாரமும், வெண்கலப் பாத்திரமும் விற்கப்படுதலைக் காண்கின்றோம். இதுபற்றி நம்மவர் இரு கூறாகப் பிரிந்து நிற்கின்றனர். மூத்தோர் பலர், 'இது பிள்ளைகளின் விளையாட்டு; இதனால் பத்துக் காசும் வாராது' என்கின்றனர். இளைஞர் பலர், 'இது கற்பகத்தரு. கைகாட்டிய மாத்திரத்தில் பொன் சொரியும்' என்கின்றனர். இருவரும் பிழைபட்டனர் என்பதே எனது கருத்து. மூத்தோரது பிழையால் வருவது வாராமற் போகும். இளைஞரது பிழையால் இருப்பதும் போகும். ஆதலின் பின்னதைப்பற்றியே மிகுதியும் பேசப்புகுகின்றேன்.

விளம்பரம் இந்நூற்றாண்டிற் பிறந்ததன்று. காசிநாதுனி நாகேசுவரராவ் என்னும் பெரியார் 1893-ஆம் ஆண்டு பம்பாயில் அமிர்தாஞ்சனம் என்னும் வலிநீக்கும் மருந்தை விற்கத் தொடங்கினார். சங்கீதக் கச்சேரிகளுக்கு வந்திருந்தோர்க்கு அதனை விலையின்றி வழங்கினார். தடவிப் பார்த்தவர் பின்னர் விலை கொடுத்து வாங்கினர். அவர் 'ஆந்திர பத்திரிகா' என்னும் இதழைத் தொடங்கியது 1908-ஆம் ஆண்டு. பொருள் முதலிற் கைக்குச் சென்றது. பத்திரிகை பதினைந்தாண்டு கழித்து வந்தது. இவ்வரிசையை இளைஞர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

மற்றோர் எடுத்துக்காட்டு நம் வீட்டுச் சுவரிலேயே தொங்குகின்றது. ஆண்டுதோறும் நம் ஊர்க் கடைக்காரர் சிவகாசியில் அச்சிட்ட நாட்காட்டியை வாடிக்கையாளர்க்குக் கொடுத்து வருகின்றனர். அந்நாட்காட்டியைக் கண்டு அன்றைக்கே கடைக்கு ஓடினவர் ஒருவரும் இலர். ஆயினும் நாள்தோறும் ஒரு தாளைக் கிழிக்குந்தோறும் கடையின் பெயர் கண்ணிற் படுகின்றது. மகளுக்குத் திருமணம் நிச்சயமான அன்று, 'சேலை எங்கே எடுப்பது?' என்னும் வினா எழும்பொழுது அப்பெயரே முன்னர் நினைவுக்கு வருகின்றது. சமூக ஊடகத்தின் உண்மையான பயன் இந்நாட்காட்டியின் பயனை ஒத்தது. அது நம் பெயரைப் பிறர் நினைவில் வைக்கும். அப்பெயரைக் கேட்டதும் நம்பிக்கை பிறக்குமா, ஐயம் பிறக்குமா என்பது நமது நாணயத்தைப் பொறுத்தது. இவ்வொன்றை மறந்ததனாலேயே பின்வரும் மயக்கங்கள் யாவும் விளைந்தன.

முதலாவது மயக்கம், 'இதற்குச் செலவில்லை' என்பது. கணக்குத் தொடங்கக் காசு வேண்டாம் என்பது மெய்யே. ஆனால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் படமெடுத்தும், திருத்தியும், மறுமொழி எழுதியும் கழிப்பவர், அந்நேரம் தறியில் இருந்திருப்பின் எத்துணை நெய்திருப்பார் என்று கணக்கிட வேண்டும். அதுவும் செலவே. மேலும், நாம் இட்ட படம் நம்மைப் பின்தொடர்வோர் அனைவர்க்கும் சென்று சேரும் என்று எண்ணுதலும் தவறு. எவர் எதனைப் பார்த்து நிற்பர் என்பதைக் கணினி ஊகிக்கின்றது. அவ்வூகத்தின்படியே ஒவ்வொருவர்க்கும் செய்திகளை வரிசைப்படுத்திக் காட்டுகின்றது. 2018-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பேஸ்புக் நிறுவனத்தார், உற்றார் உறவினர் இடும் செய்திகளுக்கு முதலிடம் தரப்போவதாகவும், வணிகப் பக்கங்களின் செய்திகள் முன்னிலும் குறைவாகவே காணப்படும் என்றும் தாமே அறிவித்தனர். பலர் கண்ணிற் பட வேண்டின் பணம் கட்ட வேண்டும் என்னும் நிலை அதனால் மேலும் வலுத்தது.

பணம் கட்டுதல் குற்றமன்று. ஆற்றிற் போட்டாலும் அளந்து போட வேண்டும், அவ்வளவே. ஒரு கணக்கைக் கற்பித்துக் காண்போம். ஒருவர் 2,000 ரூபாய் கட்டி விளம்பரம் செய்கின்றார். 40 பேர் விலை கேட்கின்றனர். 4 பேர் வாங்குகின்றனர். சேலை ஒன்றுக்கு 300 ரூபாய் இலாபம் எனின், வந்தது 1,200, போனது 2,000, நட்டம் 800. 'நாற்பது பேர் கேட்டனரே!' என்று மகிழ்பவர் கண்ணுக்கு இவ்வெண்ணூறு தெரிவதில்லை. ஆனால் அந்நால்வருள் இருவர் மனநிறைவு பெற்றுத் தீபாவளிக்கு ஒன்றும் பொங்கலுக்கு ஒன்றுமாக மீண்டும் வாங்குவராயின், மேலும் 1,200 வந்து, நட்டம் நீங்கி, 400 ரூபாய் மிஞ்சும். முதல் விற்பனையால் நட்டம்; மறு விற்பனையால் இலாபம். மறு விற்பனையைத் தருவது விளம்பரமா, சேலையா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது மயக்கம், 'பின்தொடர்வோர் தொகையே செல்வம்' என்பது. இதனாற் பட்ட துன்பம் ஒன்றை உரைக்கின்றேன். நம் சமூகத்து இளைஞர் ஒருவர்; பெயர் வேண்டாம். தந்தைக்கு நான்கு தறிகள். வணிகத்தைப் பெருக்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்தால், அன்னையின் சங்கிலியை அடகு வைத்து 30,000 ரூபாயை, விளம்பரம் செய்து தருவதாகச் சொன்ன ஒருவரிடம் கொடுத்தார். மூன்று மாதத்தில் பின்தொடர்வோர் தொகை 300-இலிருந்து 20,000 ஆயிற்று. வீட்டார் இனிப்பு வழங்கி மகிழ்ந்தனர். பின்னர்ப் பன்னிரண்டு சேலைகளைப் படமெடுத்து விற்பனைக்கு இட்டார். விலை கேட்டவர் மூவர். மூவரும் முன்னரே அவரை அறிந்தவர். அவ்விருபதினாயிரவர் யாவர் என்று அவரும் யானும் அமர்ந்து பார்த்தோம். பெரும்பாலானவை முகமும் இல்லாத, ஒரு செய்தியும் இல்லாத வெற்றுப் பெயர்கள். தமிழும் அறியாத, சேலையும் உடுத்தாத தேசத்துப் பெயர்கள். விலைக்கு வாங்கிய கூட்டம் அது. அச்சங்கிலி இன்னும் மீளவில்லை.

இத்தகைய கூட்டத்தால் பயனின்மை மாத்திரமன்று, தீங்கும் உண்டு. நாம் இடும் படத்தை ஊடகம் முதலில் சிலர்க்குக் காட்டிப் பார்க்கும். அவர் நின்று பார்த்தால் மேலும் பலர்க்குக் காட்டும். நில்லாது கடந்தால் நிறுத்திவிடும். பின்தொடர்வோருட் பெரும்பாலார் வெற்றுப் பெயராயின் நிற்பவர் யார்? உண்மையாகவே வாங்கக்கூடிய அம்முந்நூற்றுவர்க்கும் நம் படம் சென்று சேராமற் போகும். அன்றியும், இவ்வாறு ஆள் சேர்த்தலை அந்நிறுவனங்களின் விதிகளே விலக்குகின்றன. கணக்கை முடக்கவும் கூடும்.

அதே தெருவில் ஒரு தாயார் இருக்கின்றார். கணவரை இழந்தவர், வீட்டிலிருந்தே சேலை விற்பவர். அவரிடம் பழைய பள்ளிக் குறிப்பேடு ஒன்று உண்டு. அதில் 140 பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. யார் வீட்டில் எந்த மாதம் திருமணம், யாருக்கு அகலக் கரை பிடிக்கும், யார் பச்சை வாங்கமாட்டார், யார் தவணையிற் கொடுப்பார் என்பன யாவும் அதில் உள. புதிய சேலை வந்தால், எல்லார்க்கும் அனுப்பாமல், அச்சேலைக்கு உரியவர் என்று தாம் கருதும் ஐந்தாறு பேர்க்கு மாத்திரம் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார். அவர் இரு மக்களையும் கல்லூரியில் படிக்க வைத்திருக்கின்றார். இருபதினாயிரம் பெரிதா, நூற்று நாற்பது பெரிதா? எண்ணிக்கை கற்பிக்கும் ஆசிரியர் ஒன்றைச் சொல்வர். வாழ்க்கை மற்றொன்றைச் சொல்கின்றது.

மூன்றாவது மயக்கம், 'எல்லா ஊடகங்களிலும் இருத்தல் வேண்டும்' என்பது. அகல உழுவதைவிட ஆழ உழுதல் நன்று என்னும் பழமொழி போதும். வாங்குவோர் எங்கே உளரோ அங்கே ஓரிடத்தில் ஊன்றி நிற்க. மளிகைக் கடைக்காரரும், தையற்காரரும், பழுது பார்ப்பவரும் பாட்டுக்கு ஆடிப் படமெடுத்து இடுவதைக் காட்டிலும், கூகிள் வரைபடத்தில் தம் கடையின் இடம், திறக்கும் நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றைப் பிழையின்றிப் பதிதல் மிகுந்த பயன் தரும். அதற்குக் கட்டணமும் இல்லை. வெளியூரிலிருந்து வந்து, 'இங்கே இருப்புச் சாமான் கடை எங்குள்ளது?' என்று கைப்பேசியைக் கேட்பவனே அன்றைய வாடிக்கையாளன்.

நான்காவது மயக்கம், 'ஒரு படம் ஊரெங்கும் பரவினால் போதும். வறுமை தீரும்' என்பது. இதனை 'வைரல்' என்கின்றனர். நல்ல பட்டுச் சேலை, வேலைப்பாட்டுக்கு ஏற்ப, ஒரு வாரமும் கொள்ளும். இரண்டு மூன்று வாரமும் கொள்ளும். சேலை ஒன்றுக்குப் பத்து நாள் என்று வைத்துக்கொண்டாலும், நான்கு தறியில் மாதம் பன்னிரண்டு சேலையே இறங்கும். ஒரே இரவில் ஐந்நூறு பேர் கேட்டால் என் செய்வது? முன்பணம் வாங்கி மாதக்கணக்கில் இழுத்தடிக்கலாம். அல்லது சந்தையில் விசைத்தறிச் சரக்கை வாங்கிக் கைத்தறி என்று கட்டி அனுப்பலாம். முன்னதால் வசவு, பின்னதாற் பாவம். இரண்டாலும் மூன்று தலைமுறையாகக் காத்த பெயர் மூன்று வாரத்தில் அழியும். பன்னிரண்டு சேலை நெய்வார்க்கு வேண்டுபவர் பன்னிருவரே. அவர் மாதந்தோறும் புதியவராயினும் ஆண்டுக்கு நூற்று நாற்பத்து நால்வர். மேற்கூறிய தாயாரின் குறிப்பேட்டை மீண்டும் நினைவிற் கொள்ளுங்கள்.

ஐந்தாவது மயக்கத்தைக் கூறுமுன் இவ்வவையின் பொறுமையை வேண்டுகின்றேன். 'நம் சங்கத்தார் ஆயிரம் பேர் இருக்கையில் வேறு வாடிக்கையாளர் எதற்கு?' என்பதே அது. வாட்ஸ்அப் குழு ஒன்றில் 1,024 பேர் வரை இருக்கலாம். நம் சங்கத்தின் குழுவை எடுத்துப் பாருங்கள். ஒருவர் இல்லத்து இறப்புச் செய்திக்கு மேலே ஒரு சேலை விளம்பரம். கீழே ஒரு முறுக்கு விளம்பரம். இரங்கல் சொல்ல வந்தவர் மனம் நோவார். பலர் குழுவின் ஓசையை அடைத்துவிட்டனர்; அதனாற் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் பற்றிய அறிவிப்பையும் அவர்கள் காண்பதில்லை. ஒருவரது விற்பனை ஆசையால் ஒரு மாணவனின் உதவித்தொகை தவறுமாயின் அந்நட்டத்தை யார் ஈடு செய்வது?

உறவினர் வாங்குவதில் வேறொரு குறையும் உண்டு. அவர் தாட்சணியத்தால் வாங்குவர். சாயம் போனாலும் முகத்துக்கு நேரே சொல்லார். மறுமுறை வாங்காது ஒதுங்குவர். நாமும் குறையை அறியாது அதே சாயத்தைத் தோய்ப்போம். கடன் வேறு, விலை குறைக்க வேண்டுதல் வேறு. உறவும் நலியும், வணிகமும் நலியும். ஆதலின் நம்மவரை முதலிற் சோதிப்பவராகக் கொள்ளுக, சந்தையாகக் கொள்ளற்க. 'குறை சொல்லுங்கள்' என்று கேட்டு அவர் கையில் பொருளைக் கொடுங்கள். வாங்குவாரோ எல்லாக் குலத்திலும், எல்லா ஊரிலும் உளர். தராசு எவர் குலத்தையும் கேட்பதில்லை. நம் முன்னோர் மூட்டையைத் தோளிற் சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றது உறவினர்க்கா? முன்பின் அறியாதார்க்கே விற்று, அவரை அறிந்தவராக்கிக் கொண்டனர். சமூக ஊடகம் அத்தோள் மூட்டையின் வேலையைச் செய்வது.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியைப் பலர்க்குத் தனித்தனியே செல்லுமாறு ஒருங்கே அனுப்பும் முறையும் உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆயினும் நம் எண்ணைத் தம் கைப்பேசியிற் பதிந்து வைத்திருப்பார்க்கே அச்செய்தி சேரும். இதனைப் பலர் குறையென்பர். யான் நல்ல இலக்கணம் என்பேன். முதலில் அவர் நம் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும். அதன் பின்னரே நாம் அவர் கதவைத் தட்டலாம். பொருளைக் கொடுக்கும்பொழுது, 'எங்கள் எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள்; புதியது வந்தால் தெரிவிக்கின்றோம்; வேண்டாமெனின் சொல்லுங்கள், நிறுத்திவிடுகின்றோம்' என்று கேட்பதே முறை.

ஆறாவது மயக்கம், 'படம் அழகாயிருந்தாற் போதும்' என்பது. இதனை நெய்பவர் ஆழ்ந்து கேட்க வேண்டும். பாவில் ஒரு நிறமும் ஊடையில் ஒரு நிறமும் கொடுத்து நெய்த மயில்கழுத்துச் சேலை, ஒருபுறம் திருப்பினால் நீலமாயும், மறுபுறம் திருப்பினாற் பச்சையாயும் தோன்றும். ஒற்றைப் படம் அதில் ஒரு நிறத்தையே காட்டும். நீலமென்று எண்ணி வாங்கினவர் பச்சையைக் கண்டு, 'ஏமாற்றினர்' என்பர். நாம் பொய் சொல்லவில்லை. ஆயினும் மெய்யை முழுதும் சொல்லவில்லை. கைப்பேசியிலுள்ள மெருகூட்டும் கருவியோ அரக்கைச் செந்நிறமாக்கும். மாம்பழ மஞ்சளைப் பொன்னாக்கும். காலை வெயிலில் திண்ணையில் விரித்து, மெருகு சேர்க்காமல், சேலையை மெல்ல அசைத்துச் சிறு காணொளி எடுத்தல் நன்று. முந்தானையைக் காட்டுவதோடு, உடலும் கரையும் இணையும் கோர்வையையும், சேலையின் பின்புறத்தையும் காட்டுக. நீளம் எவ்வளவு, இரவிக்கைத் துணி உண்டா, எவ்வாறு துவைப்பது, விலை என்ன என்பவற்றைத் தெளிவாக எழுதுக. 'விலைக்குத் தனியே கேட்கவும்' என்று மறைப்பவர் பலர். கேட்பவர் ஆளைப் பார்த்து விலை சொல்லப்படும் என்று ஐயுறுவர், கேளாமலே செல்வர். விலையை எழுதி வைத்த கடையில் கூச்சமுடையவரும் நுழைவர்.

இதனோடு சேர்ந்ததே கைத்தறி, பட்டு என்னும் சொற்களைக் கூசாது வழங்கும் பழக்கம். பட்டுக்கு 2004-ஆம் ஆண்டு முதல் பட்டு முத்திரை உண்டு. கைத்தறிக்கு 2006-ஆம் ஆண்டு முதல் கைத்தறி முத்திரை உண்டு. காஞ்சிபுரம் பட்டும் பவானி ஜமக்காளமும் புவிசார் குறியீடு பெற்றவை. அப்பெயரை வேற்றூர்ச் சரக்குக்குச் சூட்டுதல் சட்டப்படி பிழை. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே உரியவை என ஒதுக்கிய சட்டம் 1985-ஆம் ஆண்டினது. பொருளைப்பற்றி மக்களை மயக்கும் விளம்பரத்துக்கு, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். கைப்பேசியில் இடும் விளம்பரமும் விளம்பரமே. விசைத்தறித் துணியை விசைத்தறித் துணி என்று சொல்லி விற்பதில் இழிவு ஒன்றும் இல்லை. அதனைக் கைத்தறி என்று சொல்லி விற்பவர், பக்கத்து வீட்டில் கால்மிதித்து நெய்யும் தம் சிற்றப்பாவின் கூலியைத் திருடுபவராவர். சட்டத்துக்கு அஞ்சாதவரும் இதற்கு அஞ்ச வேண்டும்.

ஏழாவது மயக்கம், 'என் பக்கம் என் சொத்து' என்பது. அது வாடகை மனை. வாடகைச் சீட்டும் இல்லாத மனை. 2020-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை இந்திய அரசினர் தடை செய்தனர். அதனையே நம்பி வணிகம் செய்தார், தம்மைக் கண்டு வந்த இலட்சக்கணக்கானவரை ஒரே நாளில் இழந்தனர். அவர்களுட் பலருடைய தொலைபேசி எண்ணும் அவரிடம் இல்லை. 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் இயங்கவில்லை. ஆறு மணியில் மீண்டது நற்பேறு. ஆதலின் வாங்கியவர் பெயரையும் எண்ணையும், அவர் இசைவோடு, தனியே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஊடகம் போயினும் குறிப்பேடு போகாது.

இதன் கிளையாக ஒன்று கூறுவேன். மூத்தோர் பலர், 'இதெல்லாம் எனக்குத் தெரியாது. மருமகன் பார்த்துக்கொள்வான்' என்று கணக்கை மற்றொருவர் எண்ணிலும் கடவுச்சொல்லிலும் தொடங்கிவிடுகின்றனர். நாளை மருமகன் வேலைக்கு வெளிநாடு சென்றாலோ, மனத்தாங்கல் நேர்ந்தாலோ, கடையின் பெயரும் வாடிக்கையாளரும் அவரோடு செல்வர். கல்லாப்பெட்டியின் சாவியைப் பிறரிடம் விடாதவர் இதனை விடுவானேன்? கணக்குக் கடைக்காரர் எண்ணிலேயே இருக்கட்டும்; இருபடிச் சரிபார்ப்பை வைத்துக்கொள்ளட்டும்; இளைஞர் அதனை நடத்தட்டும். இளைஞர்க்குத் தெரிவது கருவி; மூத்தோர்க்குத் தெரிவது சரக்கும் மனிதரும். இரண்டும் ஒரு திண்ணையில் அமர்ந்தாலன்றி வணிகம் நடவாது.

எட்டாவது மயக்கம், 'குறை கூறியதை அழித்துவிட்டால் குறை நீங்கும்' என்பது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டோ? ஒருவர் பலர் அறிய, 'கரை சாயம் விட்டது' என்று எழுதினால், அதனை அழிப்பவர் பத்துப் பேர்க்கு அதனைப் பறையறைந்தவராவர். 'வருந்துகின்றோம், சேலையை அனுப்புங்கள், மாற்றித் தருகின்றோம்' என்று பலர் அறியவே எழுதி, எழுதியபடி செய்தால், அதுவே பணம் கட்டாத விளம்பரம். குற்றமற்ற கடையை எவரும் நம்பார். குற்றத்தைத் திருத்தும் கடையை யாவரும் நம்புவர்.

இனி, தொடங்க விரும்புவார் செய்யத்தக்கன சிலவற்றைச் சுருக்கிக் கூறி முடிப்பேன். சிறு வணிகர்க்கென்றே அமைந்த வாட்ஸ்அப் பிசினஸ் என்னும் செயலி 2018-ஆம் ஆண்டு நம் நாட்டுக்கு வந்தது. அதில் பொருளின் படத்தையும் விலையையும் பட்டியலாக வைக்கலாம், கட்டணம் இல்லை. முதல் ஆறு மாதம் ஒரே ஊடகத்தை மாத்திரம் கைக்கொள்க. ஒரு நாளைக்கு அரை மணி நேரம் என்று வரையறுத்துக்கொள்க. ஒவ்வொரு விற்பனைக்கும், 'எங்களை எவ்வாறு அறிந்தீர்கள்?' என்று கேட்டு எழுதி வைக்க. அவ்வேடே, பணம் கட்டி விளம்பரம் செய்யலாமா, வேண்டாமா என்பதைச் சொல்லும். கடன் வாங்கியும் நகை அடகு வைத்தும் விளம்பரம் செய்யற்க. வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்புவார் பெரும்பாலும் சரக்கு சேவை வரிப் பதிவு பெற வேண்டும். சில கைவினைப் பொருள்களுக்குத் தளர்வு உண்டு. கணக்கறிந்தாரைக் கேட்டு நடக்க.

பணத்தில் விழிப்பு வேண்டும். பணம் அனுப்பிவிட்டதாகக் காட்டும் பொய்ப் படத்தை நம்பிச் சேலையை அனுப்பி இழந்தவர் உளர். படத்தைப் பாராது வங்கிக் கணக்கைப் பார்க்க. பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை அழுத்த வேண்டிய தேவையே இல்லை. அழுத்தச் சொல்பவன் கள்வன். ஏமாந்தது தெரிந்தால் வெட்கத்தால் மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க. எத்துணை விரைவாகத் தெரிவிக்கின்றோமோ அத்துணைப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு மிகும்.

நம் சங்கத்தாருக்கும் மூன்று விண்ணப்பங்கள். சங்கக் குழுவினின்று விளம்பரங்களை விலக்கி, விற்பனைக்கென்று விரும்புவோர் மாத்திரம் சேரும் தனிக் குழு ஒன்று அமைக்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை, படமெடுக்கவும் கணக்கெழுதவும் அறிந்த நம் இளைஞர்களைக் கொண்டு, நெய்வார்க்கும் வீட்டிலிருந்து விற்கும் தாய்மார்க்கும் ஒரு நாட் பயிற்சி நடத்த வேண்டும். விளம்பரம் செய்து தருவதாகப் பெருந்தொகை கேட்பவரிடம் பணம் கொடுக்குமுன், விவரமறிந்தார் இருவரை வினவிக்கொள்ளும் வழக்கத்தை நம்மிடை உண்டாக்க வேண்டும். இம்மூன்றாவது முன்னரே இருந்திருந்தால் ஓர் அன்னையின் கழுத்துச் சங்கிலி கழுத்திலேயே இருந்திருக்கும்.

சகோதரர்களே! கருவிகள் மாறும். பத்தாண்டில் இப்பெயர்கள் மறைந்து வேறு பெயர்கள் வரலாம். அளவு குறையாமல் அளந்தவன், சொன்ன நாளிற் கொடுத்தவன், குறையைத் திருத்தியவன் என்னும் பெயர் மாத்திரம் எந்நாளும் விலை போகும். அப்பெயர் இல்லாதார்க்கு இவ்வூடகம் இழிவை விரைவிற் பரப்பும்; உள்ளார்க்குப் புகழை விரைவிற் பரப்பும். நம் முன்னோர் அப்பெயரை நமக்கு முதலாக வைத்துச் சென்றனர். முதலைக் காப்போம், வட்டி தானே வரும்.